கூரையில் மழை, மைக்கில் இரைச்சல்: நூலுக்காகத் தொடங்கிய பொட்காஸ்டின் கோளாறுகளும் கைமருந்தும்

சிவன் மதனை, அதாவது மன்மதனை, எரித்ததையும் அவன் மனைவி ரதி புலம்பியதையும் இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசியில் ஆடிக்காட்டுவதுதான் காமன் கூத்து. அதைப் பற்றி நான் எழுதிய நூல் அச்சாகி வந்தபோது 500 பிரதிகள். வெளியீட்டு விழாவன்று 80 போனது. அதில் பாதி முகத்துக்காக வாங்கியவை. மிச்சத்தை இஸ்தோப்பில், அதாவது வராந்தாவில், அடுக்கினேன், தூவானம் அடித்தது. காம்பராவுக்குள் கட்டிலுக்கடியில் தள்ளினேன், ஹட்டன் ஈரத்தில் அட்டைகள் அப்பளம் போல வளையத் தொடங்கின. "மாமா, நம்ம ஆளுகளுக்கு வாசிக்க நேரமில்ல, கேக்க நேரமிருக்கு. பஸ்ஸில கேப்பாங்க, சமைக்கிறப்ப கேப்பாங்க" என்றான் அக்கா மகன். அப்படித் தொடங்கியதுதான் பொட்காஸ்ட்.

இரண்டு மாசிக் கூத்துகளைத் தாண்டி இப்போது 16 எபிசோட் ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று பிழைத்தது. நம் ஊர்ப் பண்பாட்டைப் பற்றி நூல் எழுதி வைத்துக்கொண்டு, அதைக் கேட்பவர்களிடம் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்காக அந்தப் பிழைகளை எழுதி வைக்கிறேன். முதலிலிருந்து வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கோளாறு தெரிகிற இடத்தில் அது பிறந்திருக்காது. இரண்டு படி பின்னால் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும்.

"குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது"

மைக்கைக் குறை சொல்லாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் திட்டினேன். நம் வீடுகளில் நான்கு பக்கமும் சீமெந்துச் சுவர், மேலே தகரம், தரையும் வெறுந்தரை. குரல் போய் முட்டித் திரும்பி வந்து மறுபடி மைக்கில் விழுகிறது. அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் "டிங்" என்று ஒரு வால் கேட்டால், அந்த அறையில் எந்த மைக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் இதே கதைதான்.

மருந்து கம்பளி. படங்கு வருவதற்கு முன்னால் மழைக்கும் குளிருக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் தோட்டத்து ஆட்கள் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார்கள். பழைய வீடுகளில் பெட்டிக்கடியில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். இரண்டு கம்பளியைக் கயிற்றில் போட்டு, பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் கட்டுகிறார்கள். ஆனால் மைக் பார்ப்பது பேசுகிறவர் பக்கத்தை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்புவதுதான் நேராக அதற்குள் போகிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். தூரம் கூடக் கூட உங்கள் குரல் குறைந்து அறையின் குரல் கூடும். கம்பளி இல்லையென்றால் துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கேட்க நன்றாக இருக்கும்.

"மழை பேச்சை விழுங்கிவிட்டது"

தகரத்தில் விழுந்த மழையை மென்பொருளால் எடுக்க முடியாது. ஒடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது: இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு மூன்று விநாடியை மாதிரியாகக் காட்டினால், மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துக் கொடுக்கும். ஒரே சீராக ஓடுகிற விசிறிச் சத்தத்துக்கு அது கைகண்ட மருந்து. மழை சீராகப் பெய்வதில்லையே. அழுத்திக் குறைத்தால் பேசுகிறவர் தண்ணீருக்குள் மூழ்கிப் பேசுவது போலாகிவிடும். மழையே பரவாயில்லை என்று தோன்றும்.

கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், பதுளை, பண்டாரவளையில் காற்றுத்தான் அடிக்கும், மழை அவ்வளவாக இராது. அங்கே நனைவது வருடக் கடைசியில், வடகீழ்ப் பருவத்தில். ஆகவே ஜூன், ஜூலையில் ஊவாப் பக்கத்து ஆட்களைப் பதிவு செய்யுங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கம். ஒக்டோபரில் எங்கேயும் பின்னேரத்தை நம்ப வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள். இந்தக் கணக்கை நான் கண்டுபிடிக்க ஒரு வருடம் போனது. எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். அந்த மழையை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் பதிந்து வையுங்கள். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடத்தில் கைகொடுக்கும்.

"பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஒரு சத்தம்"

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டதா? அதுதான். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த அதிர்வும் அதன் மடங்குகளான 100, 150உம் கம்பி வழியாக ஒலிக்குள் வந்துவிடும். நிற்கவில்லையென்றால் ஃப்ரிட்ஜ். அதை அணைத்துவிட்டு வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மறந்துபோய் வெளியே கிளம்பினால் சாவி தேடும்போது ஞாபகம் வரும், இறைச்சி கெடாது.

இரண்டும் இல்லையென்றால் தேயிலை ஃபெக்டரி. கொழுந்து வாட்டுகிற தொட்டிகளின் விசிறி இரவெல்லாம் ஓடும். பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது காதிலேயே விழாது. எனக்கும் விழவில்லை. கொழும்பிலிருந்து கேட்ட நண்பர் ஒருவர்தான் "உங்க வீட்டுக்கு மேல பிளேன் நிக்குதா?" என்று கேட்டார். இது சீரான சத்தம் என்பதால் மேலே சொன்ன இரைச்சல் நீக்கும் வசதி இதற்கு வேலை செய்யும். கூடவே 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் போதும்.

"தப்புச் சத்தம் உடைந்து, கரகரவென்று கேட்கிறது"

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூத்தைப் பற்றிய பொட்காஸ்டில் தப்பு என்கிற பறையின் சத்தம் உடைந்தால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை.

ஃபோன் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தப்பும் உறுமியும் சேர்ந்து இறங்கினால் அதன் மைக் தாங்காது, அலையின் உச்சி மொட்டையாக வெட்டுப்பட்டுப் பதியும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது. இது போதாதென்று பல ஃபோன்கள் தாமாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும். அடி விழுந்ததும் சட்டென்று குறைத்துவிட்டு, அடி நின்றதும் மெல்லக் கூட்டும். அதனால் ஆட்டக்காரர் பாடத் தொடங்கும் முதல் வரி எங்கோ தூரத்தில் கேட்கும்.

பதிகிற செயலியில் அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு ஒலி அளவைக் கையால் வையுங்கள். உச்சச் சத்தம் வரும்போது முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நிம்மதி. வேவ் வடிவத்தில் பதியுங்கள், எம்பீ3 பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபோனை ஃப்ளைட் மோடில் போட மறக்க வேண்டாம். மதன் எரிகிற நேரத்தில் எனக்கு வெளிநாட்டிலிருந்து சித்தப்பா கோல் எடுத்தார். அந்த வருடத்துப் பதிவில் ரதியின் புலம்பலுக்கு நடுவே என் ரிங்டோனும் இருக்கிறது.

அடுத்தது நிற்கிற இடம். காமன் கம்பத்தடியில் முன்வரிசையில் நிற்காதீர்கள். நான் இப்போது இரண்டு ஃபோன் வைக்கிறேன்: ஒன்று 15 மீற்றர் தள்ளி ஒரு கம்பில் கட்டி, தப்புக்கும் கூட்டத்துக்கும். இன்னொன்று பாடுகிறவரின் சட்டைக்குள், துணிக்கடியில், குரலுக்கு. தொடக்கத்தில் இரண்டுக்கும் கேட்கிறாற்போல ஒரு கைதட்டு. பிறகு கணினியில் அந்தத் தட்டு இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் பதிவுகள் பொருந்திவிடும்.

இன்னொன்று, இதை எந்த ஒலிப்பதிவுக் காணொளியும் சொல்லாது. மாசிப் பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அடித்தால் "தொப்" என்று ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருக்கும். அடிக்கிறவர்கள் வைக்கோலையோ காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறையோ கொளுத்தி, தப்பைத் தீக்கு மேல் காட்டிக் காட்டித் திருப்புவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மறுபடி காட்டுவார்கள். ஒரு கட்டத்தில் அந்தச் சுண்டலே கணீர் என்று மாறும். அதுதான் நேரம். காய்ச்சி எடுத்த முதல் பத்துப் பன்னிரண்டு நிமிட அடியைப் பதிந்துவிடுங்கள், அப்புறம் பனி மறுபடி இறங்கிவிடும். முதல் வருடம் நான் நடுச்சாமத்துக்குப் பிறகு பதிந்த எல்லாவற்றிலும் தப்பு தூங்கி வழிந்தது. மைக்கைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆள் நன்றாகப் பேசுவார், மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிக்கிறார்"

கேள்வி சரியில்லை. "காமன் கூத்தைப் பற்றி எங்கள் நேயர்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "காமன் கூத்தானது மலையக மக்களின் பாரம்பரியக் கலை வடிவங்களில் ஒன்றாகும்" என்றுதான் தொடங்குவார்கள். அவர்கள் மேல் பிழையில்லை, நாம் வானொலிக் குரலில் கேட்டோம், அவர்கள் வானொலிக் குரலில் பதில் சொன்னார்கள்.

"நீங்க ரதி வேசம் கட்டின வருசம் யாரு சேலை குடுத்தா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த ரதிகளெல்லாம் ஆண்கள்தான். சேலை யாருடையது, மீசையை எடுத்ததற்கு வீட்டில் என்ன சொன்னார்கள், காப்புக் கட்டிய நாட்களில் எங்கே படுத்தார், விரதத்தில் என்ன சாப்பிட்டார், இதெல்லாம் தானாக வரும். ஒருவர் தன் மனைவியின் கூறைச் சேலையைக் கேட்டு, அவர் தர மறுத்து, கடைசியில் மாமியார் கொடுத்த கதையை 11 நிமிடம் சொன்னார். நூலில் அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "ரதி பாத்திரத்தை ஆண்களே ஏற்பர்."

பெண்கள் பாட்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்து லயத்தில் ஓர் அம்மாயி இருக்கிறார். ஒப்பாரியில் அவரை அடிக்க ஆளில்லை. நான் மைக்கோடு போய் உட்கார்ந்து, "அம்மாயி, ஒரு ஒப்பாரி பாடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா தம்பி, நல்லா இருக்கிற வீட்ல உக்காந்து ஒப்பாரி வைக்கச் சொல்ற? ஒனக்கு யாரு செத்தா?"

தலையில் தட்டியது போல இருந்தது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? நூலிலேயே எழுதியிருக்கிறேன். மைக் கையில் இருந்தால் தெரிந்ததும் மறந்துவிடுகிறது. அன்று தாலாட்டு மட்டும் கிடைத்தது, அதுவும் பேரன் தொட்டிலில் அழுததால். ஒப்பாரி வேண்டுமென்றால் வீட்டுக்கு வெளியே, தோட்டத்துப் பாதையில் போய், பாடாமல் வரிகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பாதி பேர் மூன்றாம் வரியில் தாங்களாகவே ராகத்துக்குப் போய்விடுவார்கள். போகாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

மைக்கைப் பற்றி: முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஃபோனை மேசையில் ஒரு துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கொய்யாப்பழமோ முறுக்கோ எதையாவது நடுவில் வையுங்கள். முறுக்கு வேண்டாம், கடிக்கிற சத்தம் பதியும். கொய்யாவும் கனிந்ததாக இருக்கட்டும்.

"இந்தியாவிலிருந்து அனுப்பிய குரல் தகரம் போலக் கேட்கிறது"

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாதிருந்த நம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆகவே நம் கூத்தைப் பற்றிப் பேசக்கூடிய மனிதர்கள், அப்படி அனுப்பப்பட்டவர்கள், நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருப்பார்கள், அவர்களிடம் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. அவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் அது நெருக்கிச் சுருக்கிய ஒலி, மேல் சத்தங்களை இழந்திருக்கும். ஃபோனில் உள்ள ரெக்கோர்டரில் பதிந்து, அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பிலேயே "டொக்யுமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே மாறாமல் வரும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இதை ஒரு பெரியவருக்கு ஃபோனில் விளக்க அரை மணி நேரம் ஆகும். பேரப்பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.

"காதில் மாட்டிக் கேட்டால் நன்றாக இருக்கிறது, பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை"

ஒலி மட்டம் குறைவு. ஒடாசிட்டியில் ஒலிச்செறிவைச் சமப்படுத்தும் வசதியில் மைனஸ் 16 லஃப்ஸ் (ஒலிச்செறிவை அளக்கும் அலகு) என்று கொடுங்கள், அப்பிள் கேட்பது அதுதான். ஸ்பொட்டிஃபை மைனஸ் 14 என்று சொல்கிறது. தப்பு வருகிற இடத்தையும் பேச்சையும் தனித்தனியே சமப்படுத்திவிட்டுப் பிறகு சேருங்கள். இல்லையென்றால் தப்புக்குப் பயந்து பேச்சு பதுங்கிவிடும். அப்புறம் ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற தனியார் பஸ்ஸில், பாட்டுப் பெட்டிக்குக் கீழ் சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை கேளுங்கள். அதைவிடக் கடுமையான பரீட்சை எந்த ஸ்டூடியோவிலும் இல்லை.

கூடவே டேட்டாக் கணக்கு. பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பீ3 போதும். அரை மணி நேரம் 14 எம்பி சொச்சம்தான் வரும். 128இல் போட்டால் அது இரட்டிப்பாகும். ரீலோட் போட்டுக் கேட்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

"ஏற்றியாயிற்று, தேடினால் வரவில்லை"

மூன்று காரணம் பார்த்தேன். ஒன்று, படம். அட்டைப் படம் சதுரமாக இருக்க வேண்டும். 1400க்கு 1400 பிக்சலுக்குக் குறையாமலும் 3000க்கு 3000ஐத் தாண்டாமலும் இருந்தால்தான் அப்பிள் ஏற்கும். நூல் அட்டையை அப்படியே இழுத்துச் சதுரமாக்கினால் மன்மதன் குண்டாகிவிடுவார். வேறாக வரையுங்கள். ஃபோனில் அது நகத்தளவுதான் தெரியும், மெல்லிய எழுத்து வேண்டாம்.

இரண்டு, மின்னஞ்சல். எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுபோகிற ஆர்எஸ்எஸ் ஓடையில் உள்ள முகவரிக்குத்தான் உறுதிப்படுத்தும் இலக்கம் வரும். அக்கா மகன் தன் பழைய பாடசாலை முகவரியைக் கொடுத்திருந்தான், கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோயிருந்தது. அந்த முகவரி பொதுவில் தெரியக்கூடும், ஆகவே இதற்கென்று புதிதாக ஒன்று திறப்பது நல்லது.

மூன்று, எழுத்துக்கூட்டல். நம் ஆட்கள் "காமன்கூத்து" என்று சேர்த்தும், பிரித்தும், ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாகவும் தேடுவார்கள். தலைப்பில் ஒரு வடிவமும் விளக்கத்தில் மற்ற வடிவங்களும் வரட்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்யுங்கள், ஆங்கிலம் தானாக விழுந்திருக்கும். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், சில இடங்களில் தமிழ்ப் பெயர் உடைந்து கட்டம் கட்டமாகிவிடும். கூகுள் பொட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகள் அதில் சேர்க்கச் சொன்னால் தாண்டிப் போங்கள். யூடியூபில் அதே ஓடையைக் கொடுத்து ஏற்றலாம். எங்களுக்குக் கேட்பவர்கள் அதிகம் வருவது அங்கேயிருந்துதான்.

"மூன்றாவது எபிசோடோடு சரக்குத் தீர்ந்தது"

அத்தியாயம் அத்தியாயமாக வாசித்திருப்பீர்கள். நானும் அதையே செய்தேன். வாசித்துக் கேட்க வேண்டுமென்றால் நூலை எதற்கு வாங்க வேண்டும்?

நூலில் இடம் கிடைக்காமல் வெட்டியவை எங்கே? அந்தக் கோப்பைத் திறவுங்கள். அடிக்குறிப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் பின்னால் ஒரு மனிதர் இருப்பார். ஒரு சொல்லையே எபிசோடாக்கலாம். "பெரட்டு" என்ற சொல் ஆங்கிலத்துப் பரேட்டிலிருந்து வந்தது. விடிய முதல் வரிசையில் நின்று பேர் கொடுத்த நாட்களைப் பற்றி ஐந்து பேரைப் பேசவிட்டால் 25 நிமிடம் நிறையும். தமிழ்நாட்டில் லாவணிக்காரர்கள் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சியாக நின்று பாடுவார்கள். நம் தோட்டத்து இரண்டு வாத்தியார்களை அப்படி எதிரெதிரே உட்காரவைத்தேன். நான் வாயே திறக்கவில்லை. கேட்டவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றை விட முடியாது, ஆனால் ஆண்டுகளாக அடுக்கினால் தூக்கம் வரும். கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதாக 1823ஐச் சொல்லி 2023இல் 200 வருடத்தை நினைவு கூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்து காட்டினார்கள். அந்த நடையில் போன ஒருவரின் காலைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை கொப்புளம், எங்கே தண்ணீர் கிடைத்தது என்று. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டதையும், அதற்கு இரண்டு வருடம் முன்னால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதையும் நடுவில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

வாராவாரம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தையில் தொடங்கி மாசிக் கூத்தோடு முடிகிற எட்டு எபிசோட் என்று சொல்லிவிட்டால், கம்பம் ஊன்றுகிற நாளை எதிர்பார்ப்பது போலவே இதையும் எதிர்பார்ப்பார்கள். அடுத்த மாசி வரை நீங்களும் பிழைப்பைப் பார்க்கலாம்.

"கேட்கிறார்கள், நூல் போகவில்லை"

முதலில் உண்மையிலேயே போகவில்லையா என்று பாருங்கள். யார் எதைக் கேட்டு வாங்கினார் என்று தெரியாமல் நான் ஆறு மாதம் மனம் உடைந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு சொல் சொல்கிறேன்: ஒன்றில் "கம்பம்", இன்னொன்றில் "ஓலை". அந்தச் சொல்லைச் சொல்லி வாங்கினால் 100 ரூபா குறைவு. சேலைக் கதை வந்த எபிசோடின் சொல்லைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். என் முன்னுரையை நானே உருகி உருகி வாசித்த எபிசோடின் சொல்லை ஒருவர் சொன்னார். அவர் என் மைத்துனர்.

அடுத்தது, எங்கே வாங்கலாம் என்று வாயால் சொன்னீர்களா? இணைப்பு விளக்கத்தில் இருக்கிறது என்பது பதிலாகாது. பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்கிறவர் எதை அழுத்துவார்? விலை, கடை இருக்கும் இடம், வாட்ஸ்அப் இலக்கம், மூன்றையும் மெதுவாக இரண்டு தடவை சொல்லுங்கள். கடைசியில் மட்டும் சொன்னால் பாதியில் இறங்கிப் போனவருக்குத் தெரியாது. முதல் கதை முடிந்த கையோடு சொல்லிவிடுங்கள். அந்த இலக்கத்துக்குத் தனி சிம் போடுங்கள், இரவு 11 மணிக்கும் கோல் வரும்.

நாளும் முக்கியம். தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில். 27ஆம் திகதி நூல் விளம்பரம் போட்டால் யார் கையில் காசிருக்கும்? நான் இப்போது புதிய எபிசோடைச் சம்பளத்துக்கு முந்திய நாள் விடுகிறேன். இந்தியாவில் கேட்கிறவர்களுக்கு இங்கிருந்து அனுப்பினால் தபால் செலவே நூல் விலையை எட்டிப் பிடிக்கும். அங்கேயே ஒருவர் 50 பிரதி அச்சடித்து வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், அல்லது மின்னூலாகக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விட, கூத்து நடக்கிற இரவில் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மேசை போட்டேன். ஒரு பல்பு, 30 பிரதிகள், ஒரு சின்ன ஸ்பீக்கரில் போன வருடத்துப் பதிவு. விடிவதற்குள் 26 போய்விட்டது. வளைந்த அட்டையோடுதான்.

"ஊரில் கோபம்"

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது வரும்போது மேலே உள்ள எல்லாம் சின்னதாகிவிடும் என்பதுதான். நான்காவது எபிசோடில் ஒரு பெரியவர் பழைய கூத்துச் சண்டையொன்றைச் சொல்லும்போது இரண்டு குடும்பத்தின் பேரையும், யார் தப்பு அடிக்க வேண்டும் என்று யார் யாரை அதட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட்டார். சுவையான இடம் என்று நான் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பேரன் கோல் எடுத்தான். சத்தம் போடவில்லை. "எங்க தாத்தாவ அப்பிடிப் பேசினது உண்மதான் சேர். அத நாங்க மறக்கத்தான் அம்பது வருசமாச்சு" என்றான்.

உடனே செய்ய வேண்டியது: எபிசோடை அழிக்காமல், திருத்திய கோப்பை அதே எபிசோடில் மாற்றி ஏற்றுங்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் புதிய எபிசோட் என்று எல்லோருக்கும் அறிவிப்புப் போய், பார்க்காதவனும் வந்து பார்ப்பான். ஏற்கனவே ஃபோனில் இறக்கியவர்களிடம் பழையதுதான் இருக்கும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கோப்பை மாற்றியதோடு நிற்காமல் அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். நான் போனேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கோளாறு பிறந்த இடம் பதிவுக்கு முன்னால். இப்போது ரெக்கோர்டரைப் போட்டதும் முதலில் திகதியைச் சொல்லி, "இதை யாரும் கேட்கிற மாதிரிப் போடலாமா? நூலுக்கும் எடுக்கலாமா?" என்று கேட்டு, பதிலையும் பதிகிறேன். கூத்துப் பாட்டு யாருடைய சொத்துமில்லை என்று நினைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்குகளையும் கணக்கில் எடுத்திருக்கிறது, பாடியவருக்கும் அவர் பாடிய பாட்டில் உரிமை உண்டு. பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், தானியங்கிச் சோதனையில் பிடித்துவிடுவார்கள்.

அப்புறம், வெளியிடுவதற்கு முன் பேசியவருக்கே போட்டுக் காட்டுகிறேன். போன மாதம் அந்த அம்மாயியின் தாலாட்டை அவர் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஓர் இருமல் வரும், அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருமல் கெடக்கட்டும். அன்னிக்கு எனக்குச் சளி, அது நெசந்தானே. பாட்டு முடிஞ்சோன்ன மூத்த மருமகளப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்கேன் பாரு, அத மட்டும் எடுத்துரு."

எடுத்தேன். நான்கு விநாடி.